அனுப்பிய கதைக்குப் பதில் வராதபோது செய்ய வேண்டியவை

வேலைக்குப் போய்வந்த பிறகோ, பிள்ளைகள் உறங்கிய பிறகோ கிடைக்கும் மீதிப் பொழுதில் சிறுகதை எழுதி இதழ்களுக்கு அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்து அவர்களுக்குப் பிழைப்பு அல்ல, விருப்பம். அதை விட்டுவிட்டால் கேட்பார் யாரும் இல்லை என்பதால், இரண்டு கதைகள் நிராகரிக்கப்பட்டதும் பேனாவை மூடிவிடுவது மிக எளிதாக நடந்துவிடுகிறது. நல்ல கதை எழுதக்கூடிய பலர் இப்படிச் சத்தமில்லாமல் நின்றுபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சில நடைமுறைகளைக் கைக்கொண்டால் அதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

தமிழ் இதழ்களின் மறுப்பு இப்போது பெரும்பாலும் மௌனமாகவே வருகிறது. தபாலில் கதை அனுப்பிய காலத்தில், போதிய தபால்தலை ஒட்டிச் சுயவிலாசமிட்ட உறையொன்றையும் சேர்த்து வைப்பது வழக்கம். பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துவதாக அச்சிட்ட துண்டுச் சீட்டோடு கதை வீடு திரும்பும். அந்தச் சீட்டு மனத்தைச் சுட்டாலும் விஷயம் அன்றோடு முடிந்தது. மின்னஞ்சல் வந்த பிறகு, தேர்வான கதைகளுக்கு மட்டுமே தகவல் தெரிவிப்பது பல இதழ்களின் நடைமுறையாகிவிட்டது. ஆசிரியர் குழுவைக் குறை சொல்லவும் முடியாது; வந்து குவியும் கதைகளுக்கெல்லாம் பதில் எழுத அங்கே ஆள் இல்லை. ஆனால் முடிவுநாள் இல்லாத மௌனத்தில் எழுதியவரின் மனமே ஆசிரியரின் இடத்தில் அமர்ந்து பதில் எழுதத் தொடங்குகிறது. அந்தப் பதில் எந்த ஆசிரியரும் எழுதத் துணியாத அளவுக்குக் கடுமையாக இருக்கும். எனவே முதலில் செய்ய வேண்டியது, மௌனத்துக்கு நீங்களே ஒரு முடிவுநாள் குறிப்பதுதான்.

கதையை அனுப்பும் முன்பே இதழின் அறிவிப்பை முழுவதுமாகப் படியுங்கள். எத்தனை வாரங்களுக்குள் முடிவு தெரியும் என்று சில இதழ்கள் சொல்லியிருக்கும். சொல்லாத இதழ்களுக்கு மூன்று மாதம் என்று நீங்களே வரையறுத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கதைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்பு, சொல் எண்ணிக்கை, அனுப்பிய இதழ், அனுப்பிய நாள், காத்திருப்பு முடியும் நாள், அடுத்து அனுப்பப்போகும் இதழ் ஆகியவற்றை அனுப்பிய அன்றே எழுதிவிடுங்கள். இவற்றுள் கடைசிக் குறிப்புதான் மிக முக்கியமானது. நம்பிக்கையோடு இருக்கும்போதே அடுத்த இதழின் பெயரை எழுதி வைத்துவிட்டால், நம்பிக்கை தளர்ந்திருக்கும் நாளில் புதிதாக முடிவெடுக்க வேண்டிய தேவை இராது. எழுதியிருப்பதைச் செய்தால் போதும்.

முடிவுநாள் வந்ததும் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "வணக்கம். இன்ன தேதியில் அனுப்பிய இன்ன சிறுகதை பரிசீலனையில் உள்ளதா என அறிய விரும்புகிறேன். இரண்டு வாரங்களுக்குள் தகவல் கிடைக்காவிடில், கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி." இதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டியதில்லை. இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. கதை சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறெந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை என்ற உறுதிமொழியைத் தமிழ் இதழ்கள் கேட்பது வழக்கம். அப்படி உறுதி கொடுத்துவிட்டு மௌனத்தின் முன் காத்துக்கொண்டே இருந்தால், கதை ஆண்டுக்கணக்கில் முடங்கிவிடும். திரும்பப் பெற்றுக்கொண்டதை எழுத்தில் தெரிவித்துவிட்டால், உறுதிமொழிக்கும் பங்கமில்லை, கதைக்கும் விடுதலை.

ஆசிரியருக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதும், வராத பதிலைப் பற்றி முகநூலில் எழுதுவதும் வேண்டாம். கோபத்தில் கதையையே முகநூலில் பதிந்துவிடுவது இன்னும் நட்டம். அப்படிப் பதிந்த கதையை ஏற்கெனவே வெளியானதாகவே பல இதழ்கள் கருதும். ஓர் இதழின் மறுப்புக்காக மற்ற இதழ்களின் கதவையும் நாமே அடைத்துக்கொள்வதாக அது முடியும்.

காத்திருக்கும் நாட்களில் செய்வதற்கு ஒன்று உண்டு. முதல் கதையை அனுப்பும் முன்பே இரண்டாவது கதையில் ஒரு பக்கமாவது எழுதிவிடுங்கள். அனுப்பிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பவருக்கும், பாதியில் நிற்கும் கதைக்குத் திரும்பிப் போகிறவருக்கும் அதே மௌனம் ஒரே எடையில் இருப்பதில்லை.

கதையின் தரத்துக்குத் தொடர்பே இல்லாத காரணங்கள்

கதை வராததற்குக் கதைதான் காரணம் என்று முடிவு கட்டும் முன், அதற்கு வெளியே உள்ள காரணங்களைச் சரிபார்ப்பது நல்லது. வார இதழ்களுக்குப் பக்க அளவு கறாரானது. ஒரு பக்கக் கதை கேட்கும் இடத்துக்கு 3,000 சொற்களில் எழுதிய கதையை அனுப்பினால், அதன் முதல் பத்தியைக்கூட யாரும் படித்திருக்கமாட்டார்கள். தீபாவளி மலருக்கான படைப்புகள் பண்டிகைக்கு மாதங்கள் முன்பே சேகரிக்கப்பட்டுவிடுவதால், ஐப்பசி பிறந்த பிறகு அனுப்பும் தீபாவளிக் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் காலம் கடந்ததுதான். 2020-இல் ஊரடங்கின்போது வீட்டுக்குள் அடைபட்ட மனிதர்களைப் பற்றிப் பலரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். அப்படி ஒரே கரு குவியும்போது, இதழ் ஒன்றிரண்டைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை விடத்தான் வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, யூனிகோடு மட்டும் ஏற்கும் கணினியில் வெறும் குறியீட்டுக் குவியலாகத் திறப்பதும் நடக்கிறது. அனுப்பும் முன் கோப்பை வேறொரு கைபேசியில் திறந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இவற்றைவிடப் பெரிய காரணம், இதழுக்கும் கதைக்கும் உள்ள பொருத்தம். குடும்பக் கதைகளை விரும்பி வெளியிடும் மாத இதழும், மொழியில் சோதனை செய்யும் சிற்றிதழும், நீண்ட கதைகளுக்கு இடம் தரும் இணைய இதழும் வெவ்வேறு வாசகர்களுக்காக நடத்தப்படுபவை. ஓர் இதழின் அண்மைய மூன்று வெளியீடுகளிலாவது கதைப் பகுதியைப் படிக்காமல் அதற்குக் கதை அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் படிப்புக்குப் பின்னும் கதை மறுக்கப்பட்டால், அந்த மறுப்பில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று நம்பலாம்.

நன்னூலைக் கையில் எடுத்துக்கொள்வது

இயல்பில் வெவ்வேறான மூன்று இதழ்கள் ஒரே கதையை ஏற்காவிட்டால், கதையைத் திரும்பப் படிக்கும் நேரம் வந்துவிட்டது. மறுப்பு தெரிந்த அன்றே படிக்காதீர்கள். அன்று கதை முழுவதும் குப்பையாகத் தோன்றும், அல்லது ஒரு சொல்லையும் தொடக் கூடாத அரும்பொருளாகத் தோன்றும். இரண்டு வாரம் கழித்து, தாளில் அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். எதைத் தேடுவது என்பதற்குப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் தொகுத்திருக்கும் பத்துக் குற்றங்களைவிடச் சிறந்த பட்டியல் எனக்குத் தெரியாது. இலக்கண நூலுக்காக 13-ஆம் நூற்றாண்டில் சொல்லப்பட்டவை அவை. ஆயினும் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என ஒவ்வொன்றும் சிறுகதைக்கு அப்படியே பொருந்துகிறது. "கதை நன்றாக இல்லை" என்ற பொத்தாம் பொதுவான வேதனையை, "நான்காம் பத்தியில் கூறியது கூறல்" என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய குறையாக மாற்றித் தருவதுதான் இந்தப் பட்டியலின் அருமை.

ஓர் எடுத்துக்காட்டு. பணி ஓய்வு பெறும் பேருந்து நடத்துநரைப் பற்றிய கதை இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: "காலை நான்கு மணிக்கு அலாரம் அடித்தது. சுந்தரம் எழுந்தார். இன்று அவருடைய கடைசிப் பணி நாள். முப்பது ஆண்டுகள் எப்படி ஓடின என்றே தெரியவில்லை. அவர் மனம் கனத்தது. இனம் புரியாத துயரம் அவரை வாட்டியது." மனம் கனத்ததும் துயரம் வாட்டியதும் ஒன்றே, இது கூறியது கூறல். அலாரம் அடிப்பதும் எழுவதும் எந்தக் கதையின் தொடக்கத்திலும் ஒட்டவைக்கக்கூடிய வாக்கியங்கள். சொல் இருந்தும் பொருள் இல்லாத வெற்றெனத் தொடுத்தல் அது. துயரம் என்று பெயர் சொல்லிவிட்டபின், அந்தத் துயரம் எப்படிப்பட்டது என்பதைக் காட்டாமல் விட்டது குன்றக் கூறல்.

அதையே இப்படித் தொடங்கிப் பார்க்கலாம்: "கடைசி நடை முடிந்து டிப்போவில் கலெக்‌ஷன் கட்டும்போது பதினேழு ரூபாய் குறைந்தது. சுந்தரம் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்து எண்ணிக் கொடுத்தார். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், 'நாளைக்கு எந்த வண்டிண்ணே?' என்று கேட்டார்." கடைசி நாள் என்பதும், அது அவருக்கு மட்டுமே தெரிந்த கடைசி நாள் என்பதும், அந்தக் கேள்விக்கு அவர் சொல்லப்போகும் பதிலை எதிர்பார்க்கும் ஆவலும் மூன்று வாக்கியங்களில் வந்துவிடுகின்றன. கதையின் கரு மாறவில்லை. முதல் தொடக்கத்தை மறுத்த ஆசிரியர் கருவை மறுக்கவே இல்லை. அதுவரை அவர் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நடுவில் நடத்துநரின் மகளுடைய கல்யாணக் கடன் ஒரு பக்கத்துக்கு நீண்டு, பிறகு கதைக்குத் திரும்பவே இல்லையென்றால் அது மற்றொன்று விரித்தல். டிப்போவில் விறுவிறுப்பாகத் தொடங்கியது, வீட்டுத் திண்ணையில் பெருமூச்சோடு கரைந்துபோனால் சென்று தேய்ந்து இறுதல். என் அனுபவத்தில், பொழுதுபோக்காக எழுதுகிறவர்களின் கதைகளில் அதிகம் காணப்படும் குறை இந்தக் கடைசிக் குற்றம்தான். வேலைக்கு நடுவே பல இரவுகளில் துண்டு துண்டாக எழுதப்படும் கதைக்கு முடிவை எட்டும்போது களைப்பு வந்துவிடுவது இயல்பு. ஒரு விடுமுறை நாளின் காலையை முடிவுப் பக்கத்துக்காக மட்டும் ஒதுக்குவது இதற்கு நேரான மருந்து.

படித்துப் பார்க்க ஒருவரிடம் கொடுக்கும்போது "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "நல்லாயிருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். இலக்கியம் அறியாதவரும் அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் போடுவார். இரண்டு பேரின் கோடுகள் ஒரே பத்தியில் விழுந்தால் அந்தப் பத்தியைத் திருத்துங்கள்; வெவ்வேறு இடங்களில் விழுந்தால் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒருமுறை கதையை மாற்றிக்கொண்டே போனால், முடிவில் அது யாருடைய கதையாகவும் இராது.

மனத்துக்குள் எழும் அவநம்பிக்கை

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், மனிதர்கள் தமக்கு நேரும் கெடுதல்களுக்குச் சொல்லிக்கொள்ளும் காரணங்களை ஆராய்ந்தவர். அவநம்பிக்கைக்கு ஆட்படுகிறவர்கள் ஒரு தோல்வியை எப்போதும் நீடிப்பதாகவும், வாழ்வின் எல்லாப் பக்கங்களையும் தொடுவதாகவும், முழுக்கத் தம்மாலேயே நேர்ந்ததாகவும் விளக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் காட்டிய வழக்கம். ஒரு கதை வராதபோது மனத்தில் ஓடுவதை ஒரு தாளில் அப்படியே எழுதினால் இந்த மூன்றும் கண்ணில் படும். "எனக்கு எழுத வராது" என்ற வாக்கியத்தில் மூன்றுமே இருக்கின்றன. அதன் கீழே, நோட்டுப் புத்தகத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்து இன்னொரு வாக்கியம் எழுதுங்கள்: "நடத்துநர் கதையை ஓர் இதழ் மூன்று மாதமாக ஏற்கவில்லை." இதில் பொய்யான ஆறுதல் ஏதுமில்லை, தோல்வி அப்படியே இருக்கிறது. ஆனால் முதல் வாக்கியத்துக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை; இரண்டாவதற்கு அடுத்த இதழ் இருக்கிறது.

எல்லோரையும் நம்பிக்கையோடு இருக்கச் சொல்வதும் சரியல்ல. உளவியலாளர்கள் ஜூலி நோரம், நான்சி கேன்டர் இருவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு, தற்காப்பு அவநம்பிக்கை என்று ஒன்று இருப்பதைக் காட்டியது. சிலர் முன்கூட்டியே கெட்டதை எதிர்பார்த்து, எங்கெங்கே தவறக்கூடும் என்று ஒவ்வொன்றாக எண்ணித் தயாராகிறார்கள். அதனாலேயே நன்றாகச் செய்கிறார்கள். அவர்களிடம் "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்லித் தேற்றினால், தயாராகும் வழியையே பறித்ததாகிவிடும். நீங்கள் அந்த இயல்பு உடையவர் என்றால் அதைக் குணக்கேடாக எண்ண வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முந்தைய நாள், இந்தக் கதை மறுக்கப்பட என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று எழுதி, திருத்தக்கூடியவற்றைத் திருத்துங்கள். அனுப்பிய பிறகு அந்தத் தாளைத் திறக்காதீர்கள். அதன் வேலை முடிந்துவிட்டது.

இன்னொரு பாதுகாப்பும் தேவை. படைப்பாற்றலை ஆராய்ந்த உளவியலாளர் தெரெசா அமபிலே 1979-இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணக் காகிதங்களை ஒட்டிப் படம் அமைக்கச் சொல்லப்பட்டவர்களுள், தம் படைப்பு மதிப்பிடப்படும் என்று முன்பே தெரிந்தவர்களின் படங்களில் பொதுவாகப் படைப்பாற்றல் குறைந்திருந்தது. எழுதும்போதே ஆசிரியரின் கண்கள் தோளுக்குப் பின்னால் இருப்பதாக உணர்கிறவருக்கும் இதுவே நேர்கிறது. ஆகவே எங்கும் அனுப்பப்போவதில்லை என்ற தீர்மானத்தோடு எழுதும் பக்கங்கள் சில எப்போதும் இருக்கட்டும்: பாட்டி சொன்ன ஊர்ப் பழங்கதை, ரயிலில் எதிரே அமர்ந்திருந்தவரின் பேச்சு, எதுவானாலும் சரி. இந்த விருப்பம் எங்கிருந்து தொடங்கியதோ அந்த இடம் அந்தப் பக்கங்களில்தான் உயிரோடு இருக்கிறது.

எழுத்தைப் பற்றிய சோர்வு எழுத்தோடு நிற்காமல், தூக்கம், பசி, மற்ற வேலைகளில் உள்ள நாட்டம் எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைத்துவிட்டால், அது இந்தக் கட்டுரையில் சொன்ன வழிகளால் தீர்வதன்று. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம்.

பிறர் சொல்லும் அவநம்பிக்கை

எழுதுகிறவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் இரண்டு வாக்கியங்கள் காதில் விழும். "தமிழில் இப்போது யார் கதை படிக்கிறார்கள்?" என்பது ஒன்று. "எல்லாம் தெரிந்த ஆளுக்குத்தான் போடுகிறார்கள்" என்பது மற்றொன்று. சொல்கிறவர் நிறையப் படித்தவராகவும் இருந்துவிட்டால், புதிதாக எழுத வந்தவர் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார். மேலே சொன்ன அமபிலேயே 1983-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இங்கே உதவும். புத்தக மதிப்புரைகளைப் படித்தவர்கள், பாராட்டி எழுதியவரைவிடக் கடுமையாக எழுதியவரையே அதிக அறிவுள்ளவராகக் கருதினார்கள். கடுமை அறிவு போலத் தோன்றும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வாக்கியங்களையும் சரிபார்க்க வேண்டிய கூற்றுகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அச்சு இதழ்கள் குறைந்துவருகின்றன. கல்கி போன்ற பழம்பெரும் வார இதழே 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. அதே சமயம், சிறுகதைக்கு மிகப் பெரிய வாசகர் கூட்டம் எப்போதும் தேவைப்பட்டதில்லை என்பதும் உண்மை. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய எழுத்து இதழ் சொற்பமான வாசகர்களையே கொண்டிருந்தது. தமிழில் புதுக்கவிதை வேரூன்றியது அந்தச் சிறிய வட்டத்தில்தான். 1966-இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதைத் தாமே கையில் எடுத்துச் சென்று விற்று, பல பத்தாண்டுகள் நடத்தினார். ஈழத்துச் சிறுகதையாளர்கள் பலருக்கு அது களமாக இருந்தது. இவர்கள் இருவரும் வாசகர் குறைவு என்பதை அறியாதவர்கள் அல்லர். அறிந்துகொண்டே, இருக்கிற வாசகரிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கேட்டார்கள். பொழுதுபோக்காக எழுதுகிறவரும் அந்தக் கேள்வியைத் தம் அளவுக்குச் சுருக்கிக் கேட்கலாம்: என் கதையைப் படித்து இரண்டு வரி பேசக்கூடிய பத்துப் பேர் எங்கே இருக்கிறார்கள்? ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம், பழைய வகுப்புத் தோழர்கள், மாதம் ஒருமுறை கூடிக் கதை படிக்கும் நான்கு நண்பர்கள் என்று தேடினால் அந்தப் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

இரண்டாவது கூற்று சில இடங்களில் உண்மையாகவே இருக்கலாம். அதை நிரூபிக்கவோ மறுக்கவோ முயன்று பொழுதைச் செலவிட வேண்டியதில்லை. உங்களை யாருக்கும் தெரியாத இதழ்களுக்கு அனுப்புங்கள். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு நடுவரிடம் கொடுக்கும் போட்டிகளைத் தேடுங்கள். ஒரே நண்பரிடம் இந்தப் புலம்பலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்றால், அவரோடு கதைகளைப் பற்றி மட்டும் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்பும் நிலைக்கும், எழுத்தும் தப்பும். வீட்டில் "இதனால் என்ன வருமானம்?" என்று கேட்பவர்களிடம் இலக்கியத்தின் பெருமையை விளக்கிப் பயனில்லை. வாரத்தில் இன்ன நாள், இன்ன ஒரு மணி நேரம் என்று சொல்லி, மற்ற நேரத்தில் வீட்டுக்குரியவராக இருந்தால் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கேள்வி தானாக ஓய்ந்துவிடும்.

ஒரு கதையை எத்தனை இதழ்கள் வரை அனுப்பிப் பார்ப்பது என்பதற்கும் வரம்பு வேண்டும். ஐந்து என்று வைத்துக்கொண்டால், ஐந்தாவதற்குப் பிறகு கதையை ஆறு மாதம் எடுத்து வைத்துவிட்டு மறுபடி படியுங்கள். இன்னும் பிடித்திருந்தால், பின்னாளில் தொகுப்பாகப் போடும் எண்ணத்தோடு தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள். இதழில் வெளிவராத கதைகளைத் தொகுப்பில் சேர்ப்பதற்குத் தடையொன்றும் இல்லை. பிடிக்காமல் போயிருந்தால், அதில் உயிரோடு இருக்கும் ஒரு உரையாடலையோ ஒரு மனிதரையோ மட்டும் பிரித்தெடுத்து நோட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் எழுதி, அங்கிருந்து புதிய கதையைத் தொடங்குங்கள்.